அவருக்குத் தூண், அவளுக்குக் கடன் சிறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தட் ஹாமில்டன் வுமன்' படத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சனும், தூதர் ஹாமில்டனின் மனைவி எம்மாவும் காதலித்த கதை அது; எம்மாவாக விவியன் லீ, நெல்சனாக லாரன்ஸ் ஒலிவியர். 1941-இல் வந்த படத்தை இன்றைக்கு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதுகிறார் என்பதே சந்தோஷம். ஆனால் கட்டுரைக்கு மேலே போட்டிருந்த புகைப்படத்தைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ கம்ப்யூட்டரில் வண்ணம் பூசியிருக்கிறார்கள். நெல்சனின் கோட்டு நீலம், விவியன் லீயின் கன்னம் ரோஸ், உதடு கல்யாண மண்டப வாசல் பேனரில் இருப்பதுபோலச் சிவப்பு.

நான் ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தது பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆலை இப்போது பூட்டிக் கிடக்கிறது. வெள்ளி உப்பை ஜெலட்டினோடு சேர்த்து, ஒரு துளி தூசு விழாமல், இருட்டில் ஃபிலிம்மேல் பூசுகிற தொழில் அது. உள்ளே போனால் கண்ணுக்கு வேலை இல்லை, கைக்குத்தான் வழி தெரியும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ஊட்டியின் மூடுபனி வெளிச்சம்கூடக் கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை சாம்பல் உண்டு என்பது அந்தப் பிழைப்புப் பிழைத்தவனுக்குத் தெரியும். இத்தாலியின் நேப்பிள்ஸ் மாளிகையில் நிற்கிற எம்மாவும், பிரான்சின் காலே நகரத்துத் தெருவில் மது பாட்டில் திருடிப் பிடிபடுகிற எம்மாவும் ஒரே முகம்தான். வெளிச்சத்தை மாற்றியே அவளைக் கிழவியாக்கிவிடுகிறார்கள். அதன்மேல் போய் ரோஸ் தடவலாமா?

சரி, அது என் தொழில் வயிற்றெரிச்சல் என்று விட்டுவிடுங்கள். அடுத்தது ஊர்ப் பாசம். விவியன் லீ டார்ஜிலிங்கில் பிறந்தவர் என்று கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்திவிட்டாரே! 1917-இல் அவருடைய அப்பாவுக்குக் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு மாற்றல் வந்தபோது, அம்மாவும் குழந்தையும் தங்கியது எங்கள் ஊட்டியில். மூன்று வயதில், அம்மாவின் அமெச்சூர் நாடகக் குழுவுக்காக மேடையேறி 'லிட்டில் போ பீப்' பாட்டைச் சொன்னதுதான் அந்த அம்மையாரின் முதல் மேடை. ஆட்டைத் தொலைத்த சிறுமியின் பாட்டு. பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறியாட்டுப் பண்ணை இருக்கிற ஊரில் இதை ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆறு வயதில் இங்கிலாந்துக்குக் கன்னிமாடப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்; அப்புறம் நடந்ததை உலகமே அறியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'தப்பு செய்தவளுக்குக் கடைசியில் தண்டனை கொடுத்து ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிற பழைய பாணிப் படம்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தண்டனை கடைசியில் வரவில்லை ஐயா, முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது. சிறைக்குள் கிடக்கிறவள், தான் யாராக இருந்தாள் என்று பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வதுதான் மொத்தக் கதையும். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் திருமணம் தாண்டிய உறவை நியாயப்படுத்திக் காட்டக்கூடாது என்று தணிக்கை விதி இருந்தது. நெல்சனின் அப்பா ஒரு பாதிரியார். அவர் மகனைக் கண்டிக்கிற காட்சி அந்த விதிக்காகச் சேர்த்தது. பார்க்கும்போதே தெரியும், விருந்தில் வேண்டாத உறவினருக்கு இலை போட்டதுபோல இருக்கும். அதற்குப் பதில் சொல்வதுபோல 1799 முடிந்து 1800 பிறக்கிற இரவுக் காட்சி. மணி அடித்து ஓய, இரண்டு நூற்றாண்டுகளாக உன்னை முத்தமிட்டிருக்கிறேன் என்கிறார் நெல்சன். ஒலிவியர் சொன்னதால் பிழைத்தது; வேறு யார் சொல்லியிருந்தாலும் தியேட்டரில் சிரித்திருப்பார்கள்.

விதியைப் போட்டவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்திருக்கும். லீக்கும் ஒலிவியருக்கும் தனித்தனியே கணவன், மனைவி, ஆளுக்கொரு குழந்தை இருந்தபோது தொடங்கிய காதல் அவர்களுடையது. இருவருக்கும் விவாகரத்து கிடைத்து 1940 ஆகஸ்டில் கல்யாணம் முடித்த கையோடு இந்தப் படத்தில் நடித்தார்கள். தயாரித்து இயக்கிய அலெக்சாண்டர் கோர்டாவின் கணக்கு வேறு. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த சமயம் அது. நெப்போலியனோடு சமாதானம் கூடாது என்று நெல்சன் பேசுவதெல்லாம் ஹிட்லருக்காக எழுதிய வசனம். சர்ச்சில் 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்கப் போர்க்கப்பலில் போகும்போதுகூட இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார்.

ஆக, ஒருவருக்கு ஒழுக்கம் வேண்டும், இன்னொருவருக்கு யுத்தம் வேண்டும். நடுவில் ஒரு கொல்லன் மகளின் கதை. நிஜ எம்மாவை வைத்திருந்த கிரெவில் என்ற கனவான், பணக்கார இடத்தில் பெண் பார்ப்பதற்காக, அவளிடம் உண்மையைச் சொல்லாமல் நேப்பிள்ஸில் தூதராக இருந்த மாமாவிடம் அனுப்பிவைத்தான். 1791-இல் மாமாவே அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு 60 வயது, அவளுக்கு 26. அதை ஊர் எப்படியோ விழுங்கிக்கொண்டது. நெல்சன் வந்த பிறகு வாய் முழுதாகத் திறந்தது.

நெல்சன் 1805 அக்டோபர் 21 அன்று டிராஃபால்கர் போரில் செத்தார். எம்மாவை நாடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போருக்குமுன் எழுதிவைத்தார். நாடு யாரைப் பார்த்துக்கொண்டது தெரியுமா? பாதிரியாராக இருந்த அவருடைய அண்ணனைப் பிரபுவாக்கி ஆண்டுக்கு 5,000 பவுண்டு கொடுத்தது. நெல்சனுக்கு லண்டனில் சுமார் 50 மீட்டர் உயரத்தில் தூண் வைத்தது. எம்மா 1813-இல், கடனைக் கட்டாதவர்களை அடைக்கிற சிறையில் இருந்தாள், மறுவருஷம் காலேவுக்கு ஓடிப்போனாள், 1815 ஜனவரியில் அங்கேயே இறந்தாள்.

படத்தின்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு, அது கட்டுரையில் இல்லை. நெல்சனின் மனைவி ஃபேனியைப் படத்தில் ஈவு இரக்கமில்லாத கல்லாகக் காட்டியிருக்கிறார்கள். நிஜ ஃபேனி 1801-இல், நடந்தது நடந்ததாக இருக்கட்டும், வந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார். அது திரும்பி வந்தது, 'தவறுதலாகப் பிரிக்கப்பட்டது, படிக்கப்படவில்லை' என்ற குறிப்போடு. அந்தக் கடிதத்தைப் படத்தில் காட்டியிருந்தால் நாம் யார் பக்கம் நிற்பது என்று திண்டாடிப் போயிருப்போம். காதலியைக் காப்பாற்ற மனைவியைக் கெட்டவளாக்குவது நம் ஊர் சினிமாவிலும் பார்த்த வித்தைதான்.

இதை ஏதோ வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாடகைக்கு இருந்த தெருவில் இப்படி ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பெண் ஒரு தகரப் பெட்டியோடு முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போனாள். பெட்டியின் கைப்பிடி உடைந்து சணல் கயிறு கட்டியிருந்தது, அது மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆள் அதே தெருவில் இருந்தார். பத்து வருஷம் கழித்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்தான் கமிட்டித் தலைவர். நானும் அவர் கையில் சந்தா கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு மழை நாளில் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டேன். பாதியில் கரண்ட் போய், வர்க்கியும் டீயும் முடிந்து, மறுபடி வந்த பிறகு மீதியைப் பார்த்தோம். முடிவில், அப்புறம் என்ன ஆயிற்று என்று சிறையில் பக்கத்தில் இருக்கிறவள் கேட்பாள். அப்புறம் என்று ஒன்று கிடையாது என்பாள் எம்மா. திரை இருண்டுவிடும். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, அந்தப் பொண்ணு குழந்தை என்னாச்சு?" என்றாள் என் மனைவி.

தேடிப் பார்த்துச் சொன்னேன். பெயர் ஹொரேஷியா. அம்மா காலேயில் சாகும்போது கூடவே இருந்தாள், 14 வயது நிரம்பவில்லை. பிறகு இங்கிலாந்து திரும்பி, ஒரு பாதிரியாரைக் கல்யாணம் செய்து, 80 வயது வரை வாழ்ந்தாள். நெல்சன் தன் அப்பா என்று ஒப்புக்கொண்டாள். எம்மாதான் அம்மா என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கேத்தி, நீலகிரி.