பேத்தியின் ராத்திரி உடுப்பு

குன்னூர்
அக்டோபர் 22

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் படங்களும் வந்துவிட்டன. பேத்தி அச்சு அசல் உன் அம்மா. அந்த நெற்றியும், தூக்கத்தில்கூட லேசாகச் சுருங்கியிருக்கும் புருவமும் வேறு யாருக்கு வரும்! ஜெயாவுக்கு உடம்பு தேறிவிட்டது, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

இங்கே ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. இவருக்கு முட்டிவலி குளிரில் கூடத்தான் செய்கிறது, ஆனாலும் காலையில் மார்க்கெட் வரை நடந்துவிட்டு வருகிறார். நம் ஹாஸ்டல் மேரி போன மாதம் வந்து தங்கிவிட்டுப் போனாள். ராத்திரியெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. அதை நேரில் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஊட்டிக்கு மாற்றல், தை பிறந்ததும் குழந்தையைக் கூட்டிப் போகிறார்கள், இரண்டு ஸ்வெட்டர், குல்லா, கையுறை, காலுறை, கம்பளி எல்லாம் வாங்கிவிட்டேன், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஊட்டிக் குளிரைப் பற்றி எழுதத்தான் போகிறேன். ஆனால் எனக்குக் கவலை தை மாதத்தைப் பற்றி இல்லை. மதுரையில் இன்றைக்கு ராத்திரி அவள் எப்படித் தூங்கப் போகிறாள் என்பதுதான்.

நீ அனுப்பியதில் அவள் தூங்குகிற படம் ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துப் பார். தலைக்குக் கடுகுத் தலையணை, காதை மூடிய குல்லா, கழுத்து வரை டவல் சுற்று, அதற்கு மேல் ஒரு போர்வை. நெற்றியோரத்து முடி நனைந்து ஒட்டியிருப்பது படத்திலேயே தெரிகிறது. அது வியர்வை, வசந்தா. குழந்தைகள் வார்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்த கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

கைக்குழந்தைக்குக் குளிர்கிறதா என்று நாம் எப்போதும் பார்க்கிறோம், வேர்க்கிறதா என்று பார்ப்பதில்லை. வெளியே தெரியாத ஆபத்து சூட்டில்தான் இருக்கிறது. நன்றாகப் பால் குடித்து, சிரித்து விளையாடிய குழந்தை காரணமே தெரியாமல் தூக்கத்தில் இறந்துபோவதை டாக்டர்கள் சிட்ஸ் என்று சொல்வார்கள். அப்படி நடப்பதில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள், அதிலும் ஒன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் நடக்கின்றன. உன் பேத்தி இப்போது சரியாக அந்த வயசில் இருக்கிறாள். குப்புறப் படுப்பது, மெத்து மெத்தென்ற படுக்கை, முகத்தில் விழும் துணி, பக்கத்தில் சிகரெட் புகை, அளவுக்கு மீறிய சூடு, இவையெல்லாம் அந்த ஆபத்தைக் கூட்டுகிறவை. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. அரிதாக நடப்பதுதான். ஆனால் நம் கையில் இருப்பதைச் செய்துவிட்டால் இன்னும் அரிதாகிவிடும். இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சேரும்படி பிரசாரம் செய்தார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் இந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கின. புது மருந்து எதுவும் வரவில்லை, படுக்க வைக்கும் விதத்தைத்தான் மாற்றினார்கள்.

குல்லாவைக் கழற்றினால் சம்பந்தியம்மா கோபித்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு இதைச் சொல்லிப் பார். தீக்காயத்துக்குக் கணக்குப் போடும்போது பெரியவர்களுக்குத் தலையை உடம்புப் பரப்பில் 9 சதவீதம் என்று எடுப்போம், கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 18. அதாவது குழந்தைக்குத் தலைதான் பெரிய ஜன்னல். உடம்புச் சூடு கூடினால் அது பெருமளவு வெளியேறுவது அந்த வழியாகத்தான். அதைக் கம்பளி நூலால் அடைத்துவிட்டால் சூடு எங்கே போகும்? போதாததற்குத் தூக்கத்தில் குல்லா நழுவி மூக்கு வரை இறங்கும், நாடா தாடைக்கடியில் இறுகும். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குல்லா போட்டார்களே என்றால், அது ஈரத்தோடு வெளியே வந்த குழந்தைக்கு. எடை குறைவாகவோ மாதம் குறைவாகவோ பிறந்த குழந்தை என்றாலும் வேறு கணக்கு, அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். நம் குழந்தை மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவள். வீட்டுக்குள் தூங்கும்போது அவளுக்குக் குல்லா வேண்டாம். காதில் காற்று புகுந்து சளி பிடிக்காது. சளி பிடித்தவர்கள் தூக்கிக் கொஞ்சுவதால்தான் பிடிக்கிறது. அதற்கு வருகிறவர்களைக் கை கழுவச் சொல், முகத்தில் முத்தம் வேண்டாம் என்று சொல்.

சரி, மதுரையில் என்ன போடலாம்? இந்த ஐப்பசி ராத்திரிக்கு ஒரு மெல்லிய பருத்தி ஜபலா, ஒரு லங்கோடு அல்லது டயப்பர், போதும். கொசுவுக்குப் பயந்தால் முழுக்கை, முழுக்கால் வைத்த மெல்லிய பருத்தி உடுப்பு. கொசுவர்த்தி வேண்டாம், வலை கட்டு. குடை மாதிரி விரியும் சின்ன வலை என்றால் குழந்தையின் கை கால் வலையில் ஒட்டாத அளவு பெரிதாக வாங்கு, ஒட்டினால் கொசு வெளியே இருந்தே கடிக்கும். ஃபேன் ஓடட்டும். ஏசி போட்டால் 24லிருந்து 26க்குள் வை, காற்று நேராகக் குழந்தை மேல் அடிக்காத பக்கம் படுக்க வை, உள்ளே ஒரு பனியன் சேர்த்துக்கொள். சித்திரை வெயிலில் ஜபலாகூட வேண்டாம், லங்கோடு மட்டும் போதும்.

சூடா குளிரா என்று பார்க்க நீ கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பாய், எல்லாப் பாட்டிகளும் செய்வதுதான். ஆனால் கைக்குழந்தையின் கையும் காலும் எப்போதும் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கும், அங்கே ரத்த ஓட்டம் மெதுவாக ஓடும் வயசு இது. ஜபலாவின் பின்பக்கத்து நாடாவுக்கு அடியில் இரண்டு விரலை விட்டுக் கழுத்துக்குக் கீழே, முதுகு தொடங்கும் இடத்தில் தொட்டுப் பார். இல்லையென்றால் நெஞ்சில் உள்ளங்கையை வை. இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் சரி. பிசுபிசுவென்று இருந்தால், கன்னம் சிவந்திருந்தால், மூச்சு வேகமாக இருந்தால் ஒரு துணியைக் கழற்று. ஜெயாவுக்கும் இதைக் கற்றுக்கொடுத்துவிடு. ஊட்டிக்குப் போனாலும் இதே இடம்தான், இதே விரல்தான்.

துணியில் சுற்றுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். பிறந்த புதிதில் சுற்றினால் குழந்தை திடுக்கிட்டு விழிக்காமல் தூங்கும், அதில் தப்பில்லை. ஆனால் மெல்லிய துணியாக இருக்கவேண்டும், மல்லாக்கத்தான் படுக்க வைக்கவேண்டும், நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் போகவேண்டும். இடுப்புக்குக் கீழே தளர்வாக, தவளைக் கால் மாதிரி மடக்கி விரிக்க இடம் வேண்டும். காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு நழுவக்கூடும். ஜப்பானில் 1970-களில் இதற்காகவே நாடு முழுக்க ஒரு திட்டம் போட்டு, பாட்டிமார்களைக் கூப்பிட்டு, காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இடுப்பு நழுவிய குழந்தைகள் அங்கே வெகுவாகக் குறைந்துபோனார்கள். பாட்டி மனசு வைத்தால் ஒரு நாட்டுக் குழந்தைகளின் கால் நேராகும் என்று வகுப்பில் அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு பிரியம். நம் குழந்தை ஒருக்களிக்கப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் சுற்றுவதை இன்றோடு நிறுத்திவிடு. கை கட்டிய நிலையில் குப்புற விழுந்தால் அவளால் தலையைத் தூக்கித் திருப்ப முடியாது.

கடுகுத் தலையணையையும் எடுத்துவிடு. தலை உருண்டையாக வருவதற்குப் பகலில் விழித்திருக்கும்போது, நீ பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடு. மல்லாக்கப் படுக்க வைக்கும்போது ஒரு நாள் தலையை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் திருப்பி வை. ஒரு வருஷம் வரைக்கும் தலையணையே தேவையில்லை.

கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறை ராத்திரி அவிழ்த்துவிடு. உன் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வை, அது யார் கழுத்தையும் இறுக்காது. வசம்பு வளையல், மணி, ஊக்கு இவையும் தூங்கும்போது உடம்பில் வேண்டாம். கையுறை காலுறை போட்டே ஆகவேண்டும் என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தொங்கும் நூலைக் கத்தரித்துவிட்டுப் போடு. ஒரு தலைமுடி, ஒரு நூல், அவ்வளவுதான், சின்ன விரலைச் சுற்றிக்கொண்டு விரல் நுனி நாவல்பழ நிறத்துக்கு வந்த குழந்தையை வார்டில் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஏன் அழுகிறது என்று தெரியாமல் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, நேரத்துக்கு வந்தாள். குழந்தை காரணமில்லாமல் வீறிட்டால் முதலில் பத்துக் கால் விரலையும் பார்.

தூளியைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். நீயும் நானும் அம்மா சேலையில் தூங்கி வளர்ந்தவர்கள்தான், எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் இடிக்கும், சின்னக் குழந்தைக்கு அதில் மூச்சுக் குழாய் மடங்கக்கூடும். புரளத் தொடங்கிய குழந்தை என்றால் முகம் துணியில் புதையும். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று 2022-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். பகலில் நீ எதிரே உட்கார்ந்து ஆட்டித் தூங்கவை, தூங்கியதும் தூக்கித் தட்டையான இடத்தில் போட்டுவிடு. ராத்திரிக்குத் தூளி வேண்டாம். ஜெயாவின் பாய்க்குப் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில், இவளுக்கென்று தனியாக ஒரு கெட்டியான சின்ன மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம், அது அமுங்கும். ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு பருத்தி விரிப்பை இழுத்துச் செருகிவிடு. அதில் குழந்தையைத் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது.

இனி ஊட்டி. தை மாதத்தில் அங்கே புல்லில் உறைபனி நிற்கும், உண்மைதான். ஆனால் குழந்தை புல்லில் படுக்கப் போவதில்லை. இங்கிலாந்தில் குழந்தை தூங்கும் அறை 16லிருந்து 20 டிகிரி இருந்தால் நல்லது என்கிறார்கள். நமக்குக் குளிராகத் தெரியும் அளவு அது. அறையை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் உடுப்பு சுலபம். உள்ளே உடம்போடு ஒட்டிய முழுக்கைப் பருத்தி பனியன், அதன் மேல் பாதம் வரை மூடிய ஃபிளானல் உடுப்பு, அதற்கு மேல் கம்பளிக்குப் பதிலாக உறைப்பை. ஸ்லீப்பிங் பேக் என்று கடையில் கேள். கையில்லாத நீளச் சட்டை மாதிரி இருக்கும், அடிப்பக்கம் தைத்து மூடியிருக்கும், கை வெளியே இருக்கும். குழந்தை எவ்வளவு உதைத்தாலும் முகத்துக்கு ஏறாது. எவ்வளவு கதகதப்பு என்பதை டாக் என்ற அளவில் போட்டிருப்பார்கள். அந்த 16லிருந்து 20 டிகிரிக்கு 2.5 டாக், அறை 20க்கு மேல் போனால் 1 டாக். நமக்கு உடம்பில் எத்தனை அடுக்கு வேண்டியிருக்கிறதோ அதைவிட ஒன்று கூட, அவ்வளவே கணக்கு. கம்பளியும் ரஜாயும் ஒரு வயசு வரை வேண்டாம். நீ வாங்கிய ஸ்வெட்டரும் குல்லாவும் வீண் போகாது, காலையில் வெயில் காட்ட வெளியே எடுத்துப் போகும்போது போடலாம், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடவேண்டும்.

ஒன்றை மட்டும் மாப்பிள்ளையிடம் நீயே கண்டிப்பாகச் சொல். இந்தப் பக்கத்து வீடுகளில் குளிருக்குக் கரியைப் பற்றவைத்துக் கணப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மின்சார ஹீட்டர் போதும். படுப்பதற்கு முன் அறையைச் சூடாக்கி, குழந்தையிடமிருந்தும் துணிமணியிடமிருந்தும் தள்ளி வைக்கட்டும். படுக்கை ஜில்லென்று இருந்தால் சுடுதண்ணீர்ப் பையைக் கொஞ்ச நேரம் வைத்து, குழந்தையைப் போடுமுன் எடுத்துவிடலாம்.

உடம்பு சுடுகிறதே என்று எப்போதாவது தோன்றினால் முதலில் துணியைக் குறைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் வைத்துப் பார். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி, அதாவது 100.4 வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் டாக்டரிடம் போய்விடு.

கடையில் விற்கும் உறைப்பைகளில் பல, கழுத்து அகலமாக வருகின்றன. தலை உள்ளே நழுவினால் போட்டதற்கே அர்த்தமில்லை. எங்கள் தெரு டெய்லரம்மா ஃபிளானலில் நன்றாகத் தைப்பார்கள், ஜிப் வைத்து, கழுத்து சரியாகப் பொருந்தும்படி இரண்டு தைத்து வாங்கி அனுப்புகிறேன். வளர்கிற குழந்தை என்பதால் மார்கழி கடைசியில் தோளிலிருந்து குதிகால் வரை ஒரு அளவு, கழுத்துச் சுற்றளவு, நெஞ்சுச் சுற்றளவு மூன்றையும் டேப்பில் எடுத்து எழுது. அக்குளுக்குக் கீழே இறுக்குமோ என்று பயந்து பெரிதாகச் சொல்லிவிடாதே, இருக்கிறபடி சொல். காலை உதைக்க வேண்டிய இடத்தை நாங்கள் நீளத்தில் விட்டுக்கொள்கிறோம்.

ஜெயாவுக்கு என் ஆசி. சம்பந்தியம்மாவுக்கு நமஸ்காரம்.

அன்புடன்,
சரோஜா