வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இயங்கும் நம் வாசகர் வட்டத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை முன்வைக்கிறேன். பொங்கல் விழாவும் கோடைகால ஒன்றுகூடலும் வழக்கம்போல் நடைபெற்றன. நிர்வாகக் குழு நான்கு தடவை கூடியது.

இவ்வாண்டின் உழைப்பில் பெரும்பகுதி, சிட்னியிலுள்ள வாசகர் வட்டத்துடன் மாதந்தோறும் இணையவழியில் நடத்திய கூட்டு வாசிப்புக்கே சென்றது. முதற் சனிக்கிழமை, ரொறன்ரோ நேரம் இரவு 8 மணி என்று வைத்துக்கொண்டோம். நமக்குக் கோடையாக இருக்கையில் இடைவெளி 14 மணிநேரம். சிட்னியில் ஞாயிறு காலை 10 மணி. கோடைகாலப் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்த நாம் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளி நவம்பரில் பின்னிழுக்கிறோம். அவர்களோ ஒக்ரோபரில் முன்தள்ளி ஏப்ரலில் பின்னிழுக்கிறார்கள். ஆகவே நம் பனிக்காலத்தில் இடைவெளி 16 மணிநேரமாகிறது. இடைப்பட்ட வாரங்களில் 15. ஒக்ரோபர் 4ஆம் திகதிக் கூட்டம் இதனாலேயே குழம்பியது. சிட்னியில் அது 5ஆம் திகதி ஞாயிறு; அன்று அதிகாலையில்தான் அங்கு கடிகாரங்கள் மாறியிருந்தன. அவர்கள் பழக்கப்படி 10 மணிக்கு வந்து ஒரு மணிநேரம் காத்திருந்து, பலர் கலைந்த பின்னரே நாம் இணைந்தோம். அறிவித்தலில் ரொறன்ரோ நேரத்தை மட்டும் குறித்தது என் தவறு. ஆயினும் ஆண்டு முழுவதற்குமான நேர அட்டவணையை ஜனவரியிலேயே இரு வட்டத்தாருக்கும் அனுப்பியிருந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

சிட்னிக்காரர் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள், நம்மவர் வாய் திறப்பதில்லை, அது அவரவர் சுபாவம் என்று சிலர் சொல்லிவந்தனர். எனக்கு அது சரியெனப் படவில்லை. ஆதலால் ஜூன் கூட்டத்தை 1ஆம் திகதி ஞாயிறு காலை 7 மணிக்கு மாற்றினேன். சிட்னியில் அப்போது இரவு 9 மணி. அன்று நம்மவர் பேசி ஓயவில்லை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய அவர்கள்தாம் அமைதியாக இருந்தனர். சுபாவம் என்று எண்ணியதில் பாதி, உறக்கமும் களைப்பும்தான். மறுபாதி மெய்யாகவே உண்டு. நம்மில் மிகுதியானோர் 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். கதையில் ஓர் ஊர்ப்பெயர் வந்தால் அந்த ஊருக்கே போய்விடுகிறோம். அவ்வட்டத்தில் பலர் படிப்புக்கும் தொழிலுக்குமாகச் சென்றவர்கள். கதையின் வரிகளை விட்டு அவ்வளவு எளிதில் நகர மாட்டார்கள். அவர்கள் வரியைக் காட்ட, நாம் ஊரைக் காட்டிய கூட்டங்களே இவ்வாண்டின் சிறந்த கூட்டங்கள்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நம் பக்கத்திலும், ஜனவரியில் அவர்கள் பக்கத்திலும் வரவு குறைந்தமைக்குப் பள்ளி விடுமுறையே காரணம். பெப்ரவரியில் பனியைக் காரணம் சொன்னவர்களை மட்டும் என்னால் விளங்கிக்கொள்ள இயலவில்லை. வீட்டிலிருந்தபடியே இணையும் கூட்டம் அது.

வரவு செலவுகளைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. சந்தா செலுத்தாதோர் தொகை செலுத்தியோர் தொகையை நெருங்கிவிட்டது. இருமுறை நினைவூட்டியும் மறுமொழி வராத வீடுகள் உண்டு. தலைவருக்கும், பொருளாளருக்கும், சிட்னி நண்பர்களுக்கும் என் நன்றி.

கூட்டு வாசிப்பை அடுத்த ஆண்டும் நடத்த வேண்டும் என்பதே என் விருப்பம். எனினும் அழைப்பு, அட்டவணை, நினைவூட்டல் அனைத்தையும் ஒருவரே சுமப்பது கடினம். 2026இல் மார்ச் 8, ஏப்ரல் 5, ஒக்ரோபர் 4, நவம்பர் 1 ஆகிய நாள்களில் இரு நகரங்களில் ஒன்றின் கடிகாரம் மாறுகிறது. இந்நான்கு நாள்களையும் கவனித்து இரு வட்டத்தாருக்கும் அறிவிக்க ஓர் அங்கத்தவர் முன்வந்தால், ஜனவரிக் கூட்டத்துக்கு முன்பே அட்டவணையை அவரிடம் ஒப்படைத்துவிடுவேன்.

செயலாளர்