சனிக்கிழமைக் குடல்

அன்பு மகளுக்கு,

ரோமில் எங்கே சாப்பிட்டீர்கள் என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, "ஏதோ ஓர் ஓட்டல்" என்று சொல்லி முடித்துவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் இருந்தார். அவர் தொடங்கியிருந்தால் ஜாடி ஓட்டுக் கதையிலேயே ஒரு மணி நேரம் போயிருக்கும்.

நீ எழுதிக் கொடுத்த கடைக்கு நாங்கள் போகவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததுமே எனக்குக் கால் வலித்தது. டெஸ்டாச்சியோ என்ற பேட்டைக்குப் போனோம். பழைய தொழிலாளர் குடியிருப்பு. மாடியெங்கும் துணி காய்கிறது, சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். எனக்கு ஆறரைக்கே பசி. நாங்கள் சாப்பிட நினைத்த டிராட்டோரியாவோ, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடையோ, ஏழரைக்குத்தான் கதவைத் திறந்தது. அதுவரை பக்கத்துக் குன்றைச் சுற்றி நடந்தோம்.

குன்று என்றால் மண் குன்று இல்லை. 35 மீட்டர் உயரத்துக்கு அத்தனையும் உடைந்த ஜாடி! ரோமானியர் காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் வந்த ஜாடிகள். எண்ணெய் ஊறிச் சிக்கு வாடை பிடித்த பாத்திரம் வேறு எதற்கு ஆகும்? உடைத்து அடுக்கி, நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். அந்தக் குன்றைக் குடைந்துதான் கடையைக் கட்டியிருந்தார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் ஓடுகள். அரிக்கமேட்டிலும் ரோமானிய ஜாடி ஓடுகள் கிடைத்திருப்பதை அப்பா பரிமாற வந்த பையனிடம் விளக்கினார். என்ன புரிந்ததோ, அவன் இன்னும் கொஞ்சம் ரொட்டி கொண்டுவந்து வைத்தான். அதற்கும் பில்லில் காசு போட்டிருந்தார்கள்.

அன்று சனிக்கிழமை. ரோமில் வியாழன் ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளி மீன், சனி ட்ரிப்பா என்று ஒரு வழக்கம். ட்ரிப்பா வேறொன்றுமில்லை, குடல்தான்! நம் வீட்டில் ஆடு, அங்கே மாட்டின் இரைப்பை. கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் வாயில் வைத்தேன். தக்காளியில் மெதுவாக வேகவைத்து, புதினா போட்டு, மேலே பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸைத் துருவியிருந்தார்கள். பஞ்சு மாதிரி வெந்திருந்தது. மிளகு போதவில்லை. புதினா மட்டும் எனக்குத் தோன்றாமல் போன யோசனை.

அந்தப் பேட்டையில் 1975 வரை பெரிய இறைச்சிக்கூடம் இருந்ததாம். நல்ல கறியெல்லாம் பணக்காரர் வீட்டுக்குப் போக, வேலை செய்தவர்களுக்குக் கூலியோடு குடலும் வாலும் கொடுத்திருக்கிறார்கள். மாட்டை வெட்டிப் பிரித்த நான்கு கால்பங்கு போக மிஞ்சியதை 'ஐந்தாவது கால்பங்கு' என்றே சொல்கிறார்கள். அதைத்தான் இப்போது வெள்ளைத் தட்டில் வைத்து 14 யூரோ வாங்குகிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை, தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டது.

அந்தப் பேத்தியைப் பார்த்தபோது உன் ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில், "டிபன் பாக்ஸைத் திறந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள், இனிமேல் குடல் வேண்டாம்" என்றாய். மறுநாளிலிருந்து தயிர்சாதம் கட்டினேன். வீட்டிலும் உனக்குத் தெரியாமல்தான் சமைத்தேன், நீ டியூஷன் போன நேரத்தில். அப்பாவும் நானும் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அவசரமாகச் சாப்பிடுவோம். உனக்கு இது தெரியாது.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? வேண்டுமா வேண்டாமா என்று முன்னதாகவே சொல்லிவிடு. கறிக்கடையில் இரண்டு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவவே ஒரு காலை போய்விடும். இந்த முறை புதினா போட்டுப் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா