பங்காளிக்கு, கட்டங்களோடு ஒரு கடிதம்

காங்கயம் பக்கத்திலிருந்து,
ஞாயிறு காலை

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். வலுவாக ஒரு மழை பெய்தால் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும் என்கிறார்கள். இங்கே நேற்று ராத்திரி ஓர் உழவு மழை பெய்தது. பொள்ளாச்சிப் பக்கமும் இறங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

பேத்தி அம்மணி பெங்களூரிலிருந்து லீவுக்கு வருகிறாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், நான் பிள்ளைகளுக்குப் போடும் புதிர்களை அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். நாலு புதிர் இதோடு வைத்திருக்கிறேன். அவற்றை எப்படிப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மணியை வைத்துக்கொண்டு நீயே புதிதாகப் போடவேண்டும் என்பது என் ஆசை.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் திண்ணைக்கு வருகிறார்கள். சுற்றுச்சூழல் சொற்களைச் சொல்லித்தரலாம் என்று முதலில் பாடப்புத்தகத்திலிருந்தே எடுத்தேன். உயிர்க்கோளம், உணவுச் சங்கிலி, பல்லுயிர் என்று குறுக்கெழுத்துக் கட்டம் போட்டேன். குறிப்பும் புத்தகத்தில் இருந்த வரையறைதான். பிள்ளைகள் மளமளவென்று நிரப்பினார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒரு சொல் கூட நினைவில் இல்லை. கட்டம் நிறைந்ததே தவிர, அந்தச் சொல்லுக்கு உரிய பொருளை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. குறிப்பு பிள்ளையை வாசலுக்கு வெளியே அனுப்ப வேண்டும், அல்லது பாட்டியிடம் அனுப்ப வேண்டும். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு போட்ட முதல் குறிப்பு இது (அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை): ‘இரண்டு வேலிக்கு நடுவே வண்டி போகும் தடம், ஓணான் ஓடும், கோவைக்கொடி படரும் (4).’ யாருக்கும் தெரியவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இட்டேரி தெரியவில்லை, பங்காளி. பாதி இட்டேரி தார் ரோடாகிவிட்டது, மீதியில் வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பத்தாவைக் கேட்டுக்கொண்டு வந்து, மூச்சு வாங்க ‘இட்டேரி’ என்றாள். அன்றைக்குப் புதிரை மூடி வைத்துவிட்டு, மேற்கே மிச்சமிருக்கும் ஒரு இட்டேரிக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். கிளுவை, சங்கஞ்செடி, பிரண்டை, குன்றிமணி என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்கள். நடந்து முடிக்கும்போது அடுத்த வாரப் புதிருக்கான சொற்கள் அவர்கள் கையிலேயே இருந்தன.

கொரங்காடும் அப்படித்தான் கட்டத்துக்குள் வந்தது. ‘உழாத காடு, ஆனால் தரிசு இல்லை (5).’ ஒரு பையன் வீட்டில் காங்கயம் மாடு இருக்கிறது. அவன் உடனே எழுதிவிட்டான். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். புல்லை மாடு மேயும், வெள்வேலங்காயை ஆடு தின்னும், மழை குறைந்த இந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ‘மேய்ச்சல் நிலம்’ என்று புத்தகம் சொல்வது இதைத்தான் என்று சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். புத்தகச் சொல்லையும் ஊர்ச் சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால்தான் இரண்டும் நிற்கின்றன.

இனி கட்டம் போடும் வேலையைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் போடுவது போலத் தமிழில் போட வராது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, ‘கொ’ என்றாலும் ஒரே கட்டம். சின்னப் பிள்ளைகள் துணைக்காலைத் தனியாக அடுத்த கட்டத்தில் எழுதிவிடுவார்கள், கொரங்காட்டுக்கு ஏழு கட்டம் கேட்பார்கள். முதல் வாரமே விரலை வைத்து எண்ணப் பழக்கிவிடு. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது. அதனால் புள்ளி வைத்த எழுத்து விழுந்த கட்டத்திலிருந்து புதுச் சொல்லைக் கீழே இறக்க முடியாது. க், ச், த், ப் வந்தால் அதற்கடுத்து அதே வரிசை எழுத்துத்தான் வரும். இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்ட பையன்களே இப்போது ‘ஐயா, அங்கே ப் வருதுன்னா அடுத்தது பு, பா, ப, இப்படி ஏதாவதுதான்’ என்று எனக்குச் சொல்கிறார்கள்.

எழுத்துக் கூட்டத்தில் சொல் தேடும் புதிர் போட்டால், காலிக் கட்டங்களை 247 எழுத்திலிருந்து கண்டபடி நிரப்பாதே. ஙௌ, ஞீ என்று விழுந்தால் ஒளித்த சொல் பளிச்சென்று தெரிந்துவிடும். க, ம், து, ல், ரு போல அடிக்கடி புழங்கும் எழுத்துகளாகவே போடு.

சில சமயம் சொற்கள் தாமாகவே சேர்ந்துகொள்கின்றன. ஈரநிலம் குறுக்கே, வலசை நெடுக்கே. இரண்டும் ‘ல’வில் சந்திக்கின்றன. வலசை வரும் பறவை இறங்குவதும் ஈரநிலத்தில்தானே! திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைக் குறிப்பாக வைத்தேன். வரித்தலை வாத்து இமயமலைக்கு மேலே பறந்து தெற்கே வருகிறது என்று சொன்னதும் அன்று வேறு எந்தக் கட்டமும் நகரவில்லை.

இன்னொன்று என்னையே உலுக்கிவிட்டது. நொய்யல் என்று எழுதி, ‘ய’வில் என்ன இறக்கலாம் என்று பார்த்தால் சாயம் வந்து பொருந்தியது. அப்படியே வைத்தேன். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேரும் ஆறு, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், ‘எங்கப்பா சாயப்பட்டறைக்குத்தானுங்க போறாரு’ என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. அவன் அப்பா குற்றவாளி என்று நான் சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அப்பா உழைக்கிறார், கழிவைச் சுத்தம் செய்து அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இப்போதைய விதி, அதற்கும் ஒரு சொல் இருக்கிறது, அதை நீயே கண்டுபிடித்துக் கட்டத்தில் சேர் என்றேன். மறுவாரம் ‘மறுசுழற்சி’யை ஆறு கட்டத்தில் எழுதிக்கொண்டு வந்தான். சேர்க்கப்போனால் அவன் அதில் சின்ன ‘ர’ போட்டிருந்தான். கரை, கறை இரண்டையும் அதே புதிரில் வைத்ததற்கு அதுதான் காரணம். நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஆற்றுக்குக் கரை, துணிக்குக் கறை என்று ஒருமுறை கட்டத்தில் பிரித்துவிட்டால் பிறகு மறப்பதில்லை.

அம்மணிக்கு முதலில் விடுகதைத் தாளைக் கொடு. அவளுக்கு எளிதாக இருக்கும். ‘முழுதாக இருந்தால் மழைக்குக் கத்தும், முதலெழுத்துப் போனால் நண்டின் வீடு (3).’ விடை தவளை, வளை. அப்புறம் நெகிழியில் முதலெழுத்தைத் தள்ளினால் கிழி. இந்த இரண்டைச் செய்துவிட்டால் அவளே வேறு சொல்லின் தலையைக் கிள்ளிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள், பாரேன்.

எனக்கு உன்னிடம் ஒன்று வேண்டும். ஆனைமலைப் பக்கத்துச் சொற்கள் என்னிடம் இல்லை. சோலை, இருவாச்சிப் பறவை இரண்டோடு நிற்கிறேன். தோப்புக்குள் தண்ணீர் பாயும் சின்ன வாய்க்காலை உங்கள் பக்கம் என்னவென்று சொல்கிறார்கள்? மட்டை மக்கிக் கிடக்கும் குழிக்கு ஏதாவது பெயர் உண்டா? தேங்காய் போடுகிறவர்களைக் கேட்டு எழுது. அம்மணியையும் கூட அழைத்துக்கொண்டு போய்க் கேள், அவள் கையாலேயே எழுதச் சொல். பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் இந்தச் சனிக்கிழமைப் புதிரில் சேர்த்துவிடுவேன்.

உன் பங்காளி