எதிர்வீட்டு ஆச்சிக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

போன வியாழக்கிழமை என் குடும்ப வன்முறை வழக்கில் கோர்ட்டின் இடைக்கால உத்தரவு கிடைத்துவிட்டது. உள்முற்றத்தைச் சுற்றிய வளவில், எங்களுக்கென்று விட்ட இரண்டு அறை கொண்ட இரட்டை வீட்டில் நானும் மகளும் இருக்கலாம், என் கணவர் உள்ளே வரக்கூடாது. நேற்று ராத்திரிதான் கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையை நகர்த்தி வைக்காமல் தூங்கினேன். நடந்தது ஊருக்கே தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை.

எதிர்வீட்டு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒருநாள் சீப்புச்சீடை டப்பாவை முகப்பில் வைத்து என்னிடம் கொடுத்தார்கள். "டப்பாவை வெறுமனே திருப்பித் தராதே ஆத்தா. உன்கிட்ட என்ன இருக்கோ அதை வைச்சுக் குடு, பத்திரமா இருக்கும்" என்றார்கள். எனக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. டப்பாவின் அடியில் பழைய தினசரித் தாளை இரண்டாக மடித்து விரித்திருந்தார்கள்.

முதலில் மகளின் பிறப்புச் சான்றிதழ் அந்தத் தாளுக்கு அடியில் போனது. அப்புறம் பாஸ்புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், கல்யாணத்தின்போது எழுதிய சாமான் சிட்டை. மேலே நாலு அதிரசம். ஒன்பது தடவை அந்த டப்பா தெருவைக் கடந்தது. ஆச்சி ஒரு தடவைகூட என்ன ஏது என்று கேட்டதில்லை.

கட்டிய புடவையோடு வெளியேறிய அன்று, எல்லாம் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருந்தது. பாதுகாப்பு அலுவலர் குடும்ப வன்முறை அறிக்கை எழுதும்போது கேட்ட தாள் ஒவ்வொன்றும் அந்தப் பைக்குள் இருந்தது. வக்கீலம்மா ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "தேதிவாரியாக யார் அடுக்கியது?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆச்சிதான். ஒரு சீட்டில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதுவும் கோர்ட்டில் தாக்கலாகியிருக்கிறது.

181 பெண்கள் உதவி எண்ணில் பேசிய குரல், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீலைத் தந்த சட்டப்பணிகள் குழு, மாலை ஆறு மணி வரை மகளை உடன் வைத்திருந்த டீச்சர், வாய்தாவுக்கு வாய்தா பணம் வாங்காமல் ஓட்டிய ஆட்டோ அண்ணன், எல்லாருக்கும் என் கும்பிடு. "அனுசரித்துப் போம்மா" என்று திருப்பி அனுப்பிய இடமும் உண்டு. அந்தப் பேச்சு இன்று வேண்டாம்.

வீடு மாமனார் பெயரில், பங்காளிகள் பலபேர், எனக்கென்ன உரிமை என்றே பத்து வருடம் இருந்தேன். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கப் பெண்ணுக்குப் பத்திரத்தில் பெயர் வேண்டியதில்லையாம். மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வக்கீலம்மா இதை விளக்கியபோது எனக்கு அழுகைதான் வந்தது. ஒருத்தராவது முன்பே சொல்லியிருந்தால்!

நானும் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். நம் பக்கத்துப் பெண்கள் யாருக்காவது தாள்களைப் பத்திரப்படுத்த இடம் வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். கோர்ட்டுக்கு முதல் தடவை போகத் துணை வேண்டுமென்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவேன். இது சத்தியம்.

ஆச்சி, உங்கள் டப்பாவை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். இந்தத் தடவை அடிவரைக்கும் மாவுருண்டைதான்.