கடைசியாக நடந்து வந்த அக்காவுக்கு

நடைக்குழுவில் அன்று வந்திருந்த எல்லோருக்கும் வணக்கம்.

கணுக்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதனால் பதறிப்போய் யாரும் கூப்பிட வேண்டாம். சும்மா பேசக் கூப்பிடலாம், நாள் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வேர்களுக்கு நடுவே நான் விழுந்த அழகைப் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு என் முகத்தில் அப்பியிருந்த சேறே கதையைச் சொல்லியிருக்கும். அதை மறுபடி எழுதப் போவதில்லை.

என் பையை மாற்றி மாற்றிச் சுமந்த இருவருக்கும், கட்டுப் போட்டவருக்கும், தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டவருக்கும் நன்றி. ஆற்று இரைச்சலில் கத்தினால் யாருக்கும் கேட்காது என்று உடனே விசிலை எடுத்தவருக்கும் நன்றி. ஒரு நிமிடத்துக்குள் 6 முறை ஊதல், ஒரு நிமிடம் சும்மா இருத்தல், மறுபடி 6. முன்னால் போனவர்களிடமிருந்து 3 ஊதல் பதிலாக வந்தபோது என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, கடக்க வேண்டிய கற்கள் கண்ணுக்கே தெரியாமல் போனதும், "சுற்றிப் போனாலும் பாலம் வழியாகவே போவோம்" என்று முடிவெடுத்த வழிகாட்டிக்குத் தனி வணக்கம். பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்பு விறைத்துவிடும் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். ஜீன்ஸில் வந்து நின்ற என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் திட்டியிருப்பேன்.

சரி, இப்போது அக்காவிடம் வருகிறேன்.

கூட்டமாக நடப்பதில் ஒரு கொடுமை உண்டு. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய், நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக வருபவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா, போலாமா?" என்று கிளம்பிவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் இதைச் செய்தவன்தான்.

அன்று கடைசி ஆளாக வரும் பொறுப்பு அக்காவுக்கு. கால் வலி உச்சிக்கு ஏறியபோது, நில்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லோரையும் மழையில் காக்க வைக்கிறோமே என்று ஏற்கெனவே கூசிப்போயிருந்தேன். அப்போது பின்னாலிருந்து, "இங்க பாருங்க, காளான்!" என்றார். விழுந்து கிடந்த மரத்தில் அலமாரித் தட்டுகள் போல ஒன்றின் மேல் ஒன்றாக முளைத்திருந்தது. "நாம பார்க்கிறது பழம் மாதிரிதான். உயிரு மொத்தமும் மரத்துக்குள்ள நூல் நூலா ஓடுது" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். வலி கொஞ்சம் இறங்கியது.

கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு காளான். அப்புறம் வெள்ளையாக, தீக்குச்சித் தலை அளவில் ஒரு கூட்டம். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம்தான், அதற்கு மேல் நிற்க விடமாட்டார். நனைந்த உடம்போடு நின்றுவிட்டால் குளிர் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். எனக்கோ, அக்காவுக்குக் காளான் பைத்தியம் போலிருக்கிறது என்றுதான் தோன்றியது.

நான்காவது முறை நிறுத்தினார். அந்தக் கட்டையில் ஒன்றுமே இல்லை. ஈரமான பழுப்பு இலைகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அக்கா அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "போன தடவை இங்க இருந்துச்சு" என்றார். முகத்தில் சிரிப்பு துளிகூட இல்லை. தலைமுக்காட்டின் விளிம்பிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பல்லைக் கடிக்கும் நேரம் பார்த்துப் பார்த்துத்தான் இவர் காளான் கண்டுபிடிக்கிறார்!

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். "ஆமாக்கா, இருந்திருக்கும்" என்று நானும் அந்த வெறும் கட்டையைப் பார்த்தேன்.

கை கொடுத்துத் தூக்கிவிட நிறையப் பேர் வருவார்கள். கேட்க வெட்கப்படுகிறவனை, அவனே அறியாமல் இளைப்பாற வைக்க எல்லோருக்கும் வராது. எனக்கு இதுவரை வந்ததில்லை. இத்தனை நடைகளில் முதல் பத்து பேருக்குள் இருப்பதையே பெருமையாக நினைத்திருந்தவன் நான்.

அக்கா, நீங்கள் கொடுத்த ஊன்றுகோல் என்னிடமே தங்கிவிட்டது. சேற்றைக் கழுவி, துரு ஏறாமல் இருக்க மூன்று துண்டாகக் கழற்றிக் காய வைத்திருக்கிறேன். வாங்கிப்போக வீட்டுக்கு வர வேண்டாம். கால் தேறியதும் அடுத்த நடைக்கு வருகிறேன். அன்று கடைசி ஆளாக நான்தான் வருவேன் என்று வழிகாட்டியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் முன்னால் போங்கள், கோலோடு பின்னால் வருகிறேன்.