பிளான் கட்டணம் வேறு, டெபாசிட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தோட்டப் பட்டணத்தில் அடுக்களையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டுகிறவர்கள் அதிகம். கட்டட வரைபட அனுமதிக்காக "பிளானுக்கு எவ்வளவு?" என்று கட்டடக் குத்தகையாளரைக் கேட்டு, அவர் சொல்லும் மொத்தத்தை அப்படியே எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு பணம் இருக்கிறது. பிளானைப் பரிசீலிக்க ஊராட்சி மன்றம் வாங்கும் கட்டணம் திரும்பாது. கல், மண் கொட்டுவதற்கும் கால்வாய் உடைந்தால் சரிசெய்வதற்கும் வைக்கும் டெபாசிட், வேலை முடிந்து அதிகாரி வந்து பார்த்த பின் திரும்ப வேண்டிய பணம்.

கட்டணத்துக்கு அடிப்படை மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்களின் முதல் அட்டவணை. அது தரைப் பரப்பைப் பார்க்கிறது. அதைத் திருத்தும் அதிகாரம் மாநில அரசுக்கு. மன்றக் கூட்டத்தில் கைதூக்கி மாற்ற முடியாது.

'9 சதுர மீட்டர் அல்லது அதன் பகுதிக்கு' என்று வாங்கும் இடத்தில் 20க்கு 10 அடி அடுக்களை 18.58 சதுர மீட்டர். மூன்று பங்குக் கட்டணம். 10 அடியை 9 அடி 8 அங்குலமாக்கினால் 17.96; இரண்டு பங்குதான். மிச்சமாவது சில வெள்ளியாகவே இருக்கலாம், ஆனாலும் வரைவதற்கு முன் கேட்டுவைப்பது நல்லது.

பணம் தொலைவது டெபாசிட்டில்தான். ரசீது குத்தகையாளர் பெயரில் இருந்தால், திரும்பும் பணமும் அவர் பெயருக்கே போகும். வீட்டுக்காரர் பெயரில் எழுதச் சொல்லுங்கள். ரசீதுத் தாள் வெப்ப அச்சாக இருந்தால் நாளடைவில் எழுத்து வெளுத்துவிடும். அன்றைக்கே நகல் எடுங்கள்.

மன்றத்தார் செய்ய வேண்டியதும் உண்டு. 'பிளான்' என்று மட்டும் எழுதிய ரசீதை எந்தக் கோப்போடு சேர்ப்பது? கட்டணம், டெபாசிட், அனுமதியின்றிக் கட்டியதற்கான அபராதம் மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடும் ஒவ்வொரு ரசீதிலும் கோப்பு எண்ணும் வேண்டும். டெபாசிட்டை வருமானத்தில் சேர்த்தால், திருப்பித் தரும்போது கையில் இருக்காது.

பரப்பளவில் வாங்கும் கட்டணத்தைச் சரிபார்ப்பது சுலபம். ஒவ்வொரு பிளானுக்கும் வர வேண்டியதைக் கணக்கிட்டுக் கூட்டினால் அந்த மாத வசூலோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் அளவு தப்பு, அல்லது வீதம் தப்பு. 1976 ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, தீர்மானம் போட்டு விலக்கினாலன்றி, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததே. இந்த ஒரு பக்கக் கணக்கை மாதந்தோறும் அங்கே வைத்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம்.

இப்படிக்கு,
கட்டட வரைவாளர் ஒருவர்,
பேராக்